சாம்பல் நிறக் கட்டை

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு மருதங்கோட்டை நகராட்சிக் கூட்ட அறையில் இருந்தவர்களும், அவர்கள் அமர்ந்த இடங்களும் வருமாறு.

மேசையின் தலைமாட்டில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே, விசாரணை அலுவலர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் நகராட்சிப் பொறியாளர் தேவசகாயம், முன்னால் மூன்று கோப்புகள். அவரை அடுத்து, ஊர்த் தண்ணீர் விநியோகத்தை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கும் நிறுவனத்திலிருந்து வந்த நிரஞ்சன், வயது இருபத்தெட்டுக்கு மேல் இராது. இடப்பக்கம், நாற்காலியின் விளிம்பில், தண்ணீர் திறந்துவிடும் தொழிலாளி சோணைமுத்து. ஒரு நாற்காலி தள்ளி, கதவோரம், குழாய்க் குழியில் வேலை செய்யும்போது இறந்துபோன தொழிலாளி பெத்தணசாமியின் மனைவி பாண்டீஸ்வரி. கால்மாட்டில், ஜன்னலை ஒட்டி, குறிப்பெடுக்கும் தவமணி.

எழுதி முடித்து அடியில் ஒரு கோடு இழுத்தாள் தவமணி. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தொடங்காத குறிப்பை அவள் எழுதியதே இல்லை. எவருடைய குரலையும் முகத்தையும் எவரும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலம் அது. ஒலிப்பதிவும் வேண்டாம், ஒளிப்பதிவும் வேண்டாம், விசாரணை என்றால் ஒரு மனிதக் கை எழுதிய குறிப்புதான் செல்லும் என்று அரசு ஆணை போட்டிருந்தது. அந்த ஆணையின் புண்ணியத்தில், நாற்பத்தொன்பது வயதில், மாவட்டத் தலைநகரிலிருந்து ஐம்பது நிமிடம் பஸ்ஸில் வந்து, இன்னொரு ஊரின் சாவைச் சுருக்கெழுத்தில் எழுதுகிற வேலை அவளுக்கு இருந்தது.

"முதல்ல இருந்து சொல்லுங்க தம்பி. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே சொல்லுங்க," என்றார் மாசிலாமணி.

நிரஞ்சன் சுவரில் இருந்த திரையை உயிர்ப்பித்தான்.

"இது 'வாய்க்கால்'னு ஒரு விளையாட்டு சார். போன்ல ஆடுறது. ஒரு சின்ன ஊர் வரும். மேட்டுல ஒரு தொட்டி, கீழ நாலு தெரு, நடுவுல வால்வுகள். ஆடுறவங்களுக்குக் கட்டை குடுப்போம். 'திற', 'மூடு', 'இத்தனை நிமிஷம் காத்திரு', 'இதையே மறுபடி செய்', 'இப்படி இருந்தால் அப்படிச் செய்'. அவ்வளவுதான். அதை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி ஓடவிட்டா, எல்லா வீட்டுக் குடமும் நெறையணும். ஒரு சொட்டு வழியக் கூடாது. எவ்வளவு கம்மி வரியில முடிக்கிறாங்களோ அவ்வளவு நட்சத்திரம்."

"யாரு ஆடுறது?"

"யாரு வேணும்னாலும். ஸ்கூல் பிள்ளைங்க, பஸ்ல போறவங்க, வீட்டுல சமைச்சு முடிச்சவங்க. ஆறு லட்சம் பேர் சார்."

"சரி. இதுல இந்த ஊர்த் தண்ணி எங்க வருது?"

"லெவல் நாப்பத்தொண்ணுல வர்ற ஊர்தான் சார் இந்த ஊர்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தவமணியின் பேனா வார்த்தைகளைப் பின்தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தம் கொஞ்சம் பின்னால் வந்தது. லெவல் நாற்பத்தொன்று.

அந்த விளையாட்டை அவள் ஆடுவாள். காலையில் ஐம்பது நிமிடம், மாலையில் ஐம்பது நிமிடம், பஸ் ஜன்னலோரம், இரண்டு வருஷமாக.

"ஊர்ல இருக்க குழாய், மேடு பள்ளம், தொட்டி அளவு, எல்லாம் அப்படியே விளையாட்டுல இருக்கு," என்றான் நிரஞ்சன். "முதலிடத்துல இருக்க அடுக்கை எடுத்து ஆயிரம் தடவை ஓட்டிப் பாப்போம். தப்பே வரலேன்னா, மாசம் ஒண்ணாம் தேதி அந்த ஊர் மோட்டார் வால்வுக்கு ஏத்திருவோம். எந்த இன்ஜினியராலயும் யோசிக்க முடியாத வழியெல்லாம் ஜனங்க கண்டுபிடிக்கறாங்க சார். இந்த ஊர்ல தண்ணி வீணாப் போறது பாதியாக் குறைஞ்சிருக்கு."

"இது நிஜ ஊருன்னு ஆடுறவங்களுக்குத் தெரியுமா?"

"விதிமுறையில பதினாலாவது பத்தியில இருக்கு. 'சம்மதம்'னு அழுத்தாம உள்ளயே வர முடியாது."

"அதைப் படிச்சவங்க எத்தனை பேரு?"

நிரஞ்சன் பேப்பரைப் புரட்டினான். பிறகு, "உண்மையைச் சொல்லணும்னா நானே முழுசாப் படிச்சதில்ல சார்," என்றான்.

சோணைமுத்து சிரித்துவிட்டு, சாவு விசாரணை என்பது நினைவுக்கு வந்தவர்போல வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

திரையில் அடுத்த படம் வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை மருதங்கோட்டை வால்வுகளுக்கு ஏற்றப்பட்ட அடுக்கு. பதினொரு வரி. நான்காவது வரிக்குப் பின் ஒரு வெற்றுக் கட்டை, எட்டாவதுக்குப் பின் இன்னொன்று. கணக்கில் சேராத, எதற்கும் ஆகாத இடைவெளி.

ஆடியவர் பெயரை நிறுவனம் மறைத்திருந்தது. மறைத்து என்ன பயன்? ஆறு லட்சம் பேரில், நாலு வரிக்கு ஒருதரம் மூச்சுவிட இடம் விட்டு அடுக்குகிறவள் ஒருத்திதான். படிக்கிறவர் கண் களைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் பாடத்தில் சொல்லிக்கொடுத்த பழக்கம், மனு தட்டச்சு செய்யும்போதும் விடவில்லை, விளையாட்டிலும் விடவில்லை. தன் கையெழுத்தைச் சுவரளவுக்குப் பார்த்தாள் தவமணி. கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

"இதுக்கு முந்தி ஓடினது பன்னண்டு வரி. வேற ஒருத்தர் அடுக்கினது. அஞ்சு மாசம் அதுதான் முதலிடம்," என்று நிரஞ்சன் இன்னொரு படத்தைக் காட்டினான். "ரெண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். இந்த முதல் கட்டை. சாம்பல் நிறத்துல இருக்கு பாருங்க. 'தட்டு, பதில் வந்தால் காத்திரு.' இதைப் புது ஆள் கழட்டிட்டாங்க."

"அது என்ன தட்டு?"

"அதை இவர்தான் சார் சொல்லணும்," என்று சோணைமுத்துவைக் காட்டினான்.

சோணைமுத்து எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"வால்வு சாவின்னு ஒண்ணு இருக்குங்கய்யா, ஆள் ஒசரத்துக்கு இரும்புக் கம்பி. பெரிய குழாயத் தொறக்கறதுக்கு முந்தி அதால குழாய்ல மூணு தட்டு தட்டுவோம். இரும்புல்ல, சத்தம் ஊர்க்கோடி வரைக்கும் ஓடும். கீழ எந்தக் குழியிலயாச்சும் நம்மாளு எறங்கி வேலை பாத்துக்கிட்டிருந்தா, கையில இருக்க ஸ்பேனரால திருப்பித் தட்டுவான். பதில் வந்துச்சா, தொறக்க மாட்டோம். மேல ஏறட்டும்னு நின்னுட்டு மறுபடி தட்டுவோம். சத்தமே இல்லேன்னாத்தான் தொறப்போம். நான் வேலைக்குச் சேந்த இருவத்தாறு வருசத்துல இது தவறினதில்ல."

"நாங்க மூணு மாசம் இவங்ககூடவே சுத்தித்தான் கட்டைகளைச் செஞ்சோம்," என்றான் நிரஞ்சன். "இவங்க செய்யற எதையும் விடல. மோட்டார் வால்வு பக்கத்துல ஒரு சின்ன சுத்தியல் வச்சிருக்கோம், பதில் கேக்கறதுக்கு ஒரு கருவி வச்சிருக்கோம். ஆனா சார், விளையாட்டுல குழிக்குள்ள ஆள் கிடையாது. அதனால பதில் வராது. லட்சம் தடவை ஓட்டினாலும் அந்தக் கட்டையால ஒண்ணும் நடக்காது. அதான் மங்கலா, சாம்பல் நிறத்துல விட்டோம். அதைக் கழட்ட முடியாதுன்னே எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா கழண்டு வரும்."

"கழண்டு வர்ற மாதிரி ஏன் வச்சீங்க?"

"எல்லாக் கட்டையும் கழட்டலாம்ங்கிறதுதான் சார் விளையாட்டோட நியாயம்."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொறியாளர் தேவசகாயம் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருந்தார்போல.

"ஐயா, தட்டுறது எந்த விதியிலயும் இல்ல. எழுத்துல இருக்கறது ஏழாம் விதி. குழியில இறங்குமுன் செயலியில பதியணும். பதிஞ்சா வால்வு தானா நின்னுரும். பெத்தணசாமி பதியல. வேலைச் சீட்டுல ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி பத்து மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒன்பதாம் குழி. தொட்டி சீக்கிரம் நெறைஞ்சிருச்சு, பத்து பதினெட்டுக்கே வால்வு திறந்திருச்சு. ஜாயின்ட்டு கழட்டின நிலையில இருந்திருக்கு. தொழிலாளியின் கவனக்குறைவுன்னுதான் எங்க அறிக்கை."

"பன்னண்டு அடி குழிக்குள்ள டவர் எடுக்குமா சார்?" என்றார் சோணைமுத்து. "மேல நின்னாலே எடுக்காது. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கறவன் பொண்டாட்டிக்குப் போன் போடணும்னா புளியமரத்துல ஏறுறான். ஏழாம் விதிப்படி புளியமரத்துல ஏறிப் பதியச் சொல்லுதா ஒங்க கோப்பு?"

"வாயை அடக்கிப் பேசுங்க சோணைமுத்து."

"இப்பவும் அந்தப் பதினொரு வரிதான் ஓடுதா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ஆமா சார். அடுத்து செப்டம்பர் ஒண்ணுதான் மாத்துவோம். ஊருக்குத் தண்ணி நிக்கக் கூடாதுல்ல," என்றான் நிரஞ்சன். கொஞ்சம் தயங்கி, "அந்தக் கட்டை கழண்டு வரும்னு தெரிஞ்ச பிறகு, மத்த லெவல்லயும் கழட்டுறாங்க. இந்த மாசம் ஏத்தினதுல முப்பத்தெட்டு," என்றான்.

"முப்பத்தெட்டு ஊரா?"

"அங்க இருந்தெல்லாம் புகார் எதுவும் வரல சார்."

அடுத்துப் பாண்டீஸ்வரியைக் கேட்டார்கள். முப்பத்துநாலு வயதிருக்கும். அழுது முடித்த முகம், இனி பேசத்தான் வேண்டும் என்று வந்திருந்தாள். கவனக்குறைவு என்று அறிக்கை வந்தால் கணவனின் வேலை அவளுக்குக் கிடைக்காது. அறையில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"எங்க வீட்டுக்காரரு கவனமில்லாதவருன்னு எழுதப் போறீகளாங்கய்யா? வீட்டுல தண்ணித் தொட்டி மூடியத் தொறக்கணும்னாக்கூட மூணு தட்டு தட்டிட்டுத்தான் தொறப்பாரு. உள்ள யாருப்பா இருக்கான்னு பிள்ளைங்க கேலி பண்ணும். 'பல்லி இருந்தா ஓட வேணாமா, அதுக்கும் ஒரு நியாயம் இருக்குல்ல'ன்னுவாரு. அந்த மனுசனா கவனமில்லாதவரு? தட்டாம எவனும் தொறக்க மாட்டான்னு நம்பி எறங்குனாரு. நம்புனது தப்புன்னா அப்படி எழுதுங்க."

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் மாசிலாமணி.

"அந்த விளையாட்ட அவரும் ஆடுவாருங்கய்யா. சோத்துல கைய வச்சுக்கிட்டே ஆடுவாரு. கடைமடைன்னு பேரு வச்சிருந்தாரு. அதுல ஒரு அக்காவாம், பெரிய கெட்டிக்காரியாம். சுருக்கெழுத்துன்னு பேராம், அதென்ன பேரோ. அந்த அக்காகிட்ட ஒத்த வரிக்காக மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தாரு. 'சொன்னாக் கேக்க மாட்டேங்குது பாண்டி, தோத்த வவுத்தெரிச்சல்ல பேசுதேன்னு நெனைக்குது'ன்னு ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல."

தவமணியின் பேனா நின்றது. முப்பது வருஷத்தில் சாட்சி பேசும்போது அது நின்றதில்லை.

"விளையாட்டுப் பேச்செல்லாம் அறிக்கையில வேண்டாம்மா," என்றார் மாசிலாமணி, கடுமையில்லாமல். "புருஷன்–பொண்டாட்டி வீட்டுல பேசினது சாட்சியம் ஆகாது. அவரு எச்சரிச்சதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"போனு அவரோட தண்ணியில போச்சுங்கய்யா."

"அப்ப விட்டுருங்க. தவமணிம்மா, அந்தப் பகுதி வேண்டாம்."

அதற்குள் தவமணி எழுதிவிட்டிருந்தாள். தன் விளையாட்டுப் பெயரை, சுருக்கெழுத்திலேயே. ஒரு வளைவு, ஒரு புள்ளி, ஒரு சின்னக் கோடு.

மதியம் விசாரணை முடிந்து வராந்தாவில் பையைத் தோளில் மாட்டும்போது பாண்டீஸ்வரி வந்து நின்றாள்.

"அக்கா, நான் சொன்னதெல்லாம் எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன்மா."

"அந்தப் பல்லி சமாச்சாரம்?"

"அதுவும்."

"அந்த அக்கா விசயம்?"

தவமணி அவள் முகத்தைப் பார்க்க முயன்று, காதோரம் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தாள். "எழுதியிருக்கேன்," என்றாள்.

"அது பாவம் என்ன செய்யும், எங்கிட்டோ இருந்து ஆடுது. அதுக்குத் தெரியவா போவுது," என்றாள் பாண்டீஸ்வரி. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தது. தவமணி போனை எடுத்து, ஜூலை இருபத்தெட்டாம் தேதி தான் அடைத்துவைத்த கடைமடையின் பேச்சுப் பெட்டியைத் திறந்தாள். முதலிலிருந்து, தேதி வரிசைப்படி படித்தாள்.

மார்ச் ஒன்பது. "அக்கா, நீங்களும் பன்னண்டா? நான் உங்களுக்கு முந்தியே போட்டுட்டேன். ரெண்டாவது இடம் குளிர்ச்சியா இருக்கும், உக்காருங்க." அதற்கு அவள்: "சிரிக்காதீங்க தம்பி, இறக்கிக் காட்டுறேன்."

ஏப்ரல், மே முழுக்க இப்படியே. அவன் தமிழை ஒலிப்படியே எழுதுவான். அவள் திருத்துவாள். அவன் வேண்டுமென்றே மறுபடி அதே பிழையை விடுவான்.

ஜூன் பதினேழு. "அக்கா ஒரு வேண்டுகோள். அந்தச் சாம்பல் கட்டைல மட்டும் கைய வச்சிராதீங்க." அன்றுதான் முதன்முதலாக அந்தக் கட்டையை உற்றுப் பார்த்தாள். அதுவரை அது கடிதத்தாளின் தலைப்பைப்போல, அச்சிட்டே வந்தது என்றுதான் எண்ணியிருந்தாள். கையை வைக்காதே என்று ஒருவன் சொன்னால், கையை வைக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

ஜூலை இருபத்தெட்டு. அவள்: "பதினொன்று! மூன்று நட்சத்திரம்! உங்கள் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் தம்பி." அவன்: "அக்கா வாழ்த்து. ஆனா அந்த வரிய திரும்ப வச்சிருங்க. குழிக்குள்ள ஆள் இருப்பாங்க." அவள்: "விளையாட்டில் ஏது தம்பி ஆள்? தோற்றால் ஒத்துக்கொள்ள வேண்டும்." அவன்: "நான் சொல்றது நெசமாக்கா. இந்த ஊர் எங்க ஊர் மாதிரியே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு." அவனிடமிருந்து மேலும் நாலு செய்தி. அதன்பிறகு அவள் அடைத்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷத்தை ஒருவன் கெடுக்கிறான் என்ற எரிச்சல். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

கடைசியில் அவள் படிக்காத செய்தி ஒன்று இருந்தது. ஆகஸ்ட் ஒன்று, காலை எட்டு பத்து.

"அக்கா, அது கழண்டு வரும்னு எனக்கு அஞ்சு மாசமாத் தெரியும். எடுத்தா பதினொண்ணுன்னும் தெரியும். மூணு நட்சத்திரம் விழுந்துட்டா எல்லாரும் பாப்பாங்க, எல்லாரும் கழட்டுவாங்கன்னுதான் போடல. உங்ககிட்ட வாய விட்டது என் தப்பு. பரவால்ல. தட்டோட சேத்து பத்து வரில முடிக்க வழி கண்டுபிடிச்சிட்டேன்! நீங்க ரெண்டாவது இடத்துக்கு இறங்கணும், மன்னிச்சுக்கங்க. கடைசித் தெருவுல ஆரம்பிக்கக் கூடாதுக்கா, நடுத்தெருவுல ஆரம்பிக்கணும். இப்ப வேலை இருக்கு, பத்து மணிக்குக் குழியில இறங்கணும். மத்தியானம் ஏறி வந்து போடுறேன்."

பக்கத்து இருக்கைக்காரி ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னாள். தவமணி சாத்தினாள். பிறகு லெவல் நாற்பத்தொன்றைத் திறந்தாள்.

சாம்பல் நிறக் கட்டையை முதலில் வைத்தாள். நடுத்தெருவைத் திறந்தாள். இரண்டு வருஷமாகக் கடைசித் தெருவிலேயே தொடங்கிக்கொண்டிருந்தாள். கோடியில் இருப்பவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும் என்ற எண்ணம், அவள் பிறந்த வீடும் கோடி வீடுதான். இப்போது பார்த்தால், மேட்டில் இருக்கும் நடுத்தெருவை முதலில் நிறைத்து மூடினால், குழாயில் மிச்சம் நிற்கும் தண்ணீரே சரிந்து போய்க் கடைசித் தெருவின் குடங்களை நிறைத்துவிடுகிறது. அந்தத் தெருவுக்கென்று தனியாக ஒரு 'திற', ஒரு 'மூடு' வேண்டாம். இரண்டு வரி மிச்சம். திரையில் சுத்தியல் மூன்று முறை தட்டியது. பதில் வரவில்லை. தண்ணீர் ஓடியது. எல்லாக் குடமும் நிறைந்தது.

பத்து வரி. மூன்று நட்சத்திரம். முதலிடம்: சுருக்கெழுத்து.

அவன் பெயரில் போட வழியில்லை. அடுக்குக்குப் பெயர் வைக்கும் இடத்தில் "கடைமடையின் வழி" என்று எழுதினாள். ஒன்றாம் தேதி இதைத்தான் ஏற்றுவார்கள். அதற்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் சோணைமுத்து குழியில் இறங்குவார். நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இனிமையான இயந்திரக் குரல் ஒன்று அவளுடைய நட்சத்திரங்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, புகாரை விவரிக்கச் சொன்னது. விவரித்தாள். தங்கள் கருத்து மதிப்புமிக்கது என்றது. நகராட்சிக்குப் போட்டாள். தேவசகாயம், "விசாரணை நடக்கும்போது நீங்க எங்கிட்டப் பேசலாமாம்மா?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்தாள். மின்னஞ்சல் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடலாம். பதிவுத் தபாலை வரவுப் பதிவேட்டில் ஏற்றாமல் இருக்க முடியாது. இது அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றபடி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கினாள். பெறுநர் மாவட்ட ஆட்சியர். விசாரணைக்கு உத்தரவிட்டவர் அவர்தான்.

"ஒன்று: மற்ற எதையும் படிக்கும் முன், மருதங்கோட்டையிலும் ஏனைய முப்பத்தெட்டு ஊர்களிலும் குழாயைத் தட்டிப் பார்த்துத் திறக்கும் முறையை இன்றே மீண்டும் கொண்டுவர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

"இரண்டு: காலஞ்சென்ற பெத்தணசாமி கவனக்குறைவானவர் அல்ல. ஜூன் 17 முதல் ஆகஸ்ட் 1 வரை அவர் எழுத்து மூலம் விடுத்த எச்சரிக்கைகளின் நகல், பக்கம் ஒன்று முதல் ஒன்பது வரை.

"மூன்று: அந்த எச்சரிக்கைகள் எனக்கு விடுக்கப்பட்டவை. வரியை நீக்கியவள் நான்.

"நான்கு: விசாரணையில் நீக்கச் சொல்லப்பட்ட சாட்சியத்தின் சுருக்கெழுத்துக் குறிப்பும் அதன் விரிவும், பக்கம் பத்து, பதினொன்று. உத்தரவை மீறி இதை இணைத்ததற்கும், சம்பந்தப்பட்டவள் என்று அறிந்தும் குறிப்பெடுத்ததற்கும் என்மீது நடவடிக்கை வரும் என்று அறிவேன்."

நாலு பத்திக்குப் பின் ஓர் இடைவெளி விட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. பசைப் புட்டிக்குப் பக்கத்தில் உறையை வைத்து, பக்கங்களைக் கடைசியாக ஒருமுறை எண்ணும்போது போன் அதிர்ந்தது.

லெவல் நாற்பத்தொன்று. உங்கள் இடம்: இரண்டு.

முதலிடம் ஒன்பது வரி. திறந்து பார்த்தாள். நடுத்தெருவில் தொடங்கியிருந்தது. நாலு வரிக்கு ஒருதரம் அவள் விட்ட வெற்றுக் கட்டைகள்கூட அப்படியே இருந்தன. சாம்பல் நிறக் கட்டை மட்டும் இல்லை. நேற்று அவள் போட்டதைத் திறந்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை. பெயர், 'புயல்பாஸ்'.

நின்றுகொண்டே எழுதினாள். "தம்பி, அந்த முதல் வரியை மட்டும் திரும்ப வைத்துவிடுங்கள். குழிக்குள் ஆள் இருப்பார்கள். இது நிஜமான ஊர். கெஞ்சிக் கேட்கிறேன்."

பதில் உடனே வந்தது. "ஆன்ட்டி காண்டாயிட்டாங்க டோய்! கேம்ல எங்க ஆன்ட்டி ஆளு? ரெண்டாவது எடம் ஓகேவா?"

இன்னொன்று எழுதினாள். 'அடைத்த பெட்டியில் சேர்ந்தது' என்று வந்தது. அவன் அடைத்துவிட்டிருந்தான்.

தவமணி கடிதத்தை வெளியே எடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே, மேசைமேல் கயிற்றில் கட்டியிருந்த பேனாவால், இடைவெளி விடாமல் எழுதினாள்: "ஐந்து: இதை ஒட்டும் நேரத்தில் அந்த வரி மறுபடியும் நீக்கப்பட்டுவிட்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி ஏற்றுவார்கள்."

மடித்தாள். உறையில் இட்டாள். பசை காய்ந்து கட்டியாக இருந்தது. விரலால் தேய்த்து ஒட்டி, ஓரம் பிரிகிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"ஒப்புகை அட்டையோடயாம்மா?" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"ஆமா சார். இன்னைக்கே போயிருமா?"

"நாலு மணிப் பையில போட்டுருவேன். நாளை மறுநாள் ஞாயிறு. திங்களோ செவ்வாயோ சேர்ந்துரும்."

"பதில் எப்ப வரும்?"

"கையெழுத்துப் போட்ட அட்டை ஒரு வாரத்துல வந்துரும். பதில்னா..." அவர் உறையைத் திருப்பி முகவரியைப் படித்தார். "அது அவங்க பாடு."

முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். உறையில் இரண்டு தட்டு, ரசீதில் ஒன்று. தவமணி அசையாமல் நின்று கேட்டாள். அவர் உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.